முன்பே தெரிந்திருந்தால்!

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் காலை நமது வீட்டில் பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. தைப் பொங்கலன்று பால் பொங்கினால் மங்களம். மற்ற நாட்களில் பொங்கினால் அதற்கு ஏதேனும் ஒரு காரணம் இருந்தாக வேண்டும். காரணத்தைத் தேடிக்கொண்டு கூடத்துக்கு வந்தோம். ஊஞ்சலில் அமர்ந்து நம் இல்லத்தரசியார் செங்கல் கனமுள்ள ஓர் இங்கிலீஷ் நாவலில் மூழ்கியிருந்தார்.

"பால் பொங்கிவிட்டது" என்றோம்.

"பொங்கட்டும். இங்கே ஒரு கல் அலறிக்கொண்டிருக்கிறது" என்று பதில் வந்தது.

நாம் சரித்திர வாத்தியார். சென்றது சென்றதுதான், பானிபட் யுத்தத்தின் முடிவை ஒருவராலும் மாற்ற முடியாது என்று இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பிழைத்து வருகிறோம். அப்படியிருக்க, ஒரு ஸ்திரீ கல்லைத் தொட்டவுடன் இருநூறு வருஷம் பின்னால் போய் விழுந்தாள் என்றால் நமக்குக் கோபம் வராதா? அதில் உள்ள பிழைகளைக் குறித்து வைக்கலாம் என்று சிவப்புப் பென்சிலும் கையுமாக அன்று இரவு புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இரவு இரண்டு மணிக்கு நிமிர்ந்து பார்த்தபோது பென்சில் எங்கேயோ உருண்டு போயிருந்தது. ஓர் இடத்திலாவது கோடு போட்டிருந்தோமா என்றால், இல்லை!

அந்த நாவலின் பெயர் 'அவுட்லாண்டர்'. அமெரிக்காவில் அரிஸோனா ராஜ்யத்தைச் சேர்ந்த டயானா கேபல்டன் என்ற அம்மையார் எழுதி 1991-ஆம் வருஷத்தில் வெளியிட்டது. அம்மையார் விஞ்ஞானம் படித்தவர். சர்வகலாசாலையில் வேலை பார்த்தவர். நாவல் எழுதுவது எப்படி என்று பழகிப் பார்ப்பதற்காகவே இதைத் தொடங்கினாராம். 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் டெலிவிஷன் தொடரில் பதினெட்டாம் நூற்றாண்டு உடையில் வந்த ஒரு ஸ்காட்லாந்து வாலிபனைக் கண்டதும், கதையை அந்த நாட்டிலேயே வைத்துவிட்டார். பழகுவதற்கு எழுதிய கதை பல பாகங்களாக வளர்ந்தது. 2014-இல் அதுவே டெலிவிஷன் தொடராகவும் வந்தது.

கதை இதுதான். இரண்டாவது உலக யுத்தத்தில் நர்ஸாகப் பணி செய்த கிளேர் என்பவள், 1945-இல் யுத்தம் முடிந்ததும் தன் கணவனுடன் ஸ்காட்லாந்தில் உள்ள இன்வர்னெஸ் நகருக்கு வருகிறாள். பக்கத்துக் குன்றின்மேல் வட்டமாக நிற்கும் ஆதிகாலத்துக் கற்களில் ஒன்றைத் தொடுகிறாள். கல் அலறுகிறது. கண் விழித்தால் வருஷம் 1743! அங்கே ஆங்கிலப் படையின் குரூரமான அதிகாரி ஒருவன் கையில் அகப்படாமல் தப்புவதற்காக, ஜேமி பிரேஸர் என்ற மலைநாட்டு வீரனை அவள் மணக்க நேர்கிறது. ஆபத்துக்காகச் செய்துகொண்ட கலியாணம் காதலாக முதிர்கிறது. தான் யார், எந்தக் காலத்தவள் என்ற உண்மையை ஒருநாள் அவனிடம் சொல்லிவிடுகிறாள். அவன் அவளைப் பைத்தியம் என்று ஏசவில்லை. அதே கற்களின் அருகே அழைத்துச் சென்று, போவதும் இருப்பதும் உன் இஷ்டம் என்று விட்டுவிடுகிறான். அவள் இருந்துவிடுகிறாள்.

இதில் நமக்கு ஒரே ஒரு மனஸ்தாபம். 1945-இல் அவள் விட்டு வந்த முதல் கணவன் பிராங்க் ஒரு சரித்திர ஆசிரியன்! ஆயுள் முழுவதும் பழைய ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தவனை விட்டுவிட்டு, ஏடு எதையும் புரட்டாமலே பழைய காலத்தில் வாழ்கிறவனிடம் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். இதைப்பற்றி நம் இல்லத்தரசியாரிடம் புகார் செய்தோம். "அதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். மேலே விவாதத்தை வளர்ப்பது உசிதமல்ல என்று நிறுத்திக்கொண்டோம்.

இந்த விதக் கதை நேற்று முளைத்ததல்ல. அமெரிக்காவின் ஹாஸ்ய ஆசிரியர் மார்க் ட்வெய்ன் 1889-இல் எழுதிய ஒரு நாவலில், கனெக்டிகட் ராஜ்யத்துத் தொழிலாளி ஒருவன் மண்டையில் அடிபட்டு ஆறாம் நூற்றாண்டில், ஆர்தர் மன்னனின் நாட்டில் கண் விழிக்கிறான். அங்கே ஸாண்டி என்ற பெண்ணை மணந்து, குழந்தையும் பெற்ற பிறகு, மந்திரத் தூக்கத்தால் தன் காலத்துக்கே வந்து சேர்கிறான். கேலிக்காகத் தொடங்கிய கதை, மனைவியையும் குழந்தையையும் பதின்மூன்று நூற்றாண்டுக்கு அப்பால் விட்டுவிட்ட ஒருவனின் புலம்பலில் முடிகிறது. எச். ஜி. வெல்ஸ் 1895-இல் எழுதிய 'கால யந்திரம்' முற்றிலும் விஞ்ஞானக் கதை. ஆனால் அதிலும், எட்டு லக்ஷம் வருஷத்துக்கு அப்பால் சென்று திரும்பியவன் கொண்டுவந்த ஒரே அத்தாட்சி, அங்கே ஒரு பெண் அவன் சட்டைப் பையில் வைத்த இரண்டு வெள்ளைப் பூக்கள்தாம்.

நம் புராணமோ இவர்கள் எல்லோருக்கும் முந்தியது. ககுத்மி என்ற அரசன் தன் மகள் ரேவதிக்குத் தகுந்த வரன் யார் என்று கேட்பதற்காக அவளையும் அழைத்துக்கொண்டு பிரம்மலோகம் சென்றான். அங்கே கந்தர்வர்களின் பாட்டு நடந்துகொண்டிருந்தது. பாட்டு முடியும் வரை காத்திருந்து, தான் மனத்தில் வைத்திருந்த வரன்களின் பெயர்களைச் சொன்னான். பிரம்மா சிரித்தார். ஒரு பாட்டுக் கேட்ட நேரத்தில் பூமியில் இருபத்தேழு சதுர்யுகங்கள் கடந்துவிட்டன. அந்த வரன்களின் பேரன் பேத்திகள்கூட இல்லை! கடைசியில் ரேவதி பலராமனுக்கு வாழ்க்கைப்பட்டாள். முந்திய யுகத்துப் பெண்ணாகையால் அவள் மிகவும் உயரமாக இருந்தாள் என்றும், பலராமன் தன் கலப்பையால் அவளைத் தன் உயரத்துக்குத் தணித்துக்கொண்டான் என்றும் விஷ்ணு புராணம் கூறுகிறது. வேறு காலத்திலிருந்து வந்த மனைவியுடன் குடித்தனம் நடத்துவதில் உள்ள முதல் சங்கடத்தை நம்மவர்கள் அப்போதே யோசித்திருக்கிறார்கள்.

நிற்க. இந்தக் கதைகளில் அப்படி என்ன கவர்ச்சி?

முதலாவது காரணம் எளிது. காதல் கதைக்குக் குறுக்கே ஒரு சுவர் வேண்டும். ஜேன் ஆஸ்டின் காலத்தில் அந்தச் சுவர்களுக்குப் பஞ்சமில்லை. சொத்து, அந்தஸ்து, பெற்றோர் பிடிவாதம் என்று எத்தனையோ இருந்தன. மேல்நாட்டில் அவை ஒவ்வொன்றாக இடிந்துபோகவே, நாவலாசிரியர்கள் தவித்தார்கள். காதலர்கள் சந்தித்தார்கள், மணந்தார்கள் என்றால் நாற்பது பக்கத்தில் கதை முடிந்துவிடுமே! அப்பொழுது ஒருவராலும் இடிக்க முடியாத ஒரு சுவர் அகப்பட்டது. அதுதான் காலம். அதற்கு லஞ்சம் கொடுக்க முடியாது. காலில் விழுந்து கெஞ்சவும் முடியாது. பழைய சுவர்கள் இன்னும் பல வீடுகளில் அசையாமல் நிற்கும் நம் தேசத்தில், எழுத்தாளர்களுக்கு இந்தச் சிரமம் அவ்வளவாக ஏற்படவில்லை என்பதை வருத்தத்துடன் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

1980-இல் வெளியான ஓர் அமெரிக்கப் படத்தில் இந்தச் சுவரை நன்றாகக் காட்டியிருக்கிறார்கள். ரிச்சர்ட் மாத்திஸன் 1975-இல் எழுதிய நாவலைத் தழுவிய படம் அது. ஒரு பழைய ஹோட்டலில் மாட்டியிருந்த நடிகையின் படத்தைப் பார்த்து மையல் கொண்ட வாலிபன், தன் காலத்துப் பொருள் எதுவும் கண்ணில் படாதபடி பழைய பாணி உடை தரித்து, மனோபலத்தால் 1912-க்குப் போய்விடுகிறான். அவளும் அவனை விரும்புகிறாள். எல்லாம் கைகூடும் சமயத்தில் கோட்டுப் பையில் கையை விடுகிறான். அங்கே ஒரு செப்புக் காசு. அதில் பொறித்திருந்த வருஷம் 1979! அவ்வளவுதான். அவள் அலறக் கேட்டுக்கொண்டே தன் காலத்துக்கு இழுபட்டுப் போகிறான். ஒரு காசு இரண்டு உயிர்களைப் பிரித்துவிடுகிறது. காசால் பிரிந்த காதலர்களைப்பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். ஒற்றைக் காசால் பிரிந்தவர்கள் இவர்கள்தாம்.

இரண்டாவது காரணம் ஆழமானது. கிளேருக்கு வருவது தெரியும். 1746 ஏப்ரல் 16-இல் கலோடன் வெளியில் மலைநாட்டுச் சேனை ஒரு மணி நேரத்துக்குள் அழிந்துபோகும் என்று அவள் அறிவாள். அதன் பிறகு மலைநாட்டாரின் ஆயுதங்களைப் பறிப்பார்கள். அவர்களுடைய கட்டம் போட்ட கம்பளி உடையைக்கூடச் சட்டம் போட்டுத் தடுப்பார்கள். அந்தத் தடை 1782 வரையில் நீடிக்கும். ஆண்டவர்கள் ஒரு ஜனத்தின் உடையைக் கண்டு ஏன் அஞ்சினார்கள் என்பதைக் கதர் உடுத்திய நாட்டாருக்கு விளக்க வேண்டியதில்லை. அவளும் ஜேமியும் அந்தக் கலகத்தைத் தடுக்க என்னென்னவோ செய்து பார்க்கிறார்கள். முடியவில்லை. யுத்தத்துக்கு முன், கருவுற்றிருக்கும் அவளைக் கற்களின் வழியே அவள் காலத்துக்கு அனுப்பிவிட்டு, அவன் சாவதற்குப் போகிறான்.

சரித்திரம் வாசிக்கிறவர்கள் எல்லோரும் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். கட்டபொம்மனின் முடிவைத் தெரிந்துகொண்டே அவன் வீரவசனத்தைக் கேட்கிறோம். 'போகாதே' என்று கூவ வேண்டும் போலிருக்கிறது, கூவினால் கேட்காது. காலப் பிரயாணக் காதல் நாவல், வாசகரின் அந்தத் தவிப்புக்கு ஓர் உருவம் கொடுத்து, அதைக் கதைக்கு உள்ளேயே அனுப்பிவிடுகிறது. தெரிந்தும் தடுக்க முடியாதவளாக, ஆனாலும் நேசிப்பதை நிறுத்தாதவளாகக் கதாநாயகி இருக்கிறாள். 2003-இல் ஆட்ரி நிபனெகர் எழுதிய 'காலப் பிரயாணியின் மனைவி' என்ற நாவலிலும் இதே கதைதான். கணவன் என்றைக்குப் போவான், என்றைக்கு வருவான் என்று தெரியாமல் வாழ்ந்த மனைவி, அவன் இறந்த பிறகும், இன்னும் ஒரே ஒரு தடவை வருவான் என்ற சொல்லை நம்பித் தன் எண்பத்திரண்டாவது வயது வரையில் காத்திருக்கிறாள். அவனும் வருகிறான்.

மூன்றாவது காரணத்துக்கு வருகிறோம். இது நம் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

'அவுட்லாண்டர்' தொடரின் மூன்றாம் பாகத்தில், இருபது வருஷம் கழித்து, ஜேமி யுத்தத்தில் சாகவில்லை என்று கிளேருக்குத் தெரிய வருகிறது. அதற்குள் அவள் ஸர்ஜனாகிவிட்டாள். மறுபடியும் கல்லின் வழியே போகத் துணிகிறாள். அப்பொழுது இரண்டு பொருள்களை எடுத்துக்கொள்கிறாள். ஒன்று, தகப்பன் கண்ணால் காணாத மகளின் போட்டோக்கள். மற்றொன்று, பென்ஸிலின் மருந்தும் அதைப் போடும் ஊசியும். பின்னால் ஜேமி குண்டடிபட்டுக் காய்ச்சலில் கிடக்கும்போது, பதினெட்டாம் நூற்றாண்டில் ஒருவருக்கும் கிடைக்காத அந்த மருந்து அவனுக்குக் கிடைக்கிறது. இந்த இடத்தைப் படித்தபோது நாம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

நம் பாட்டிக்கு ஓர் அக்காள் இருந்தாள். 1942-இல், பத்தொன்பதாவது வயதில், தஞ்சை ஜில்லாவில் ஒரு கிராமத்தில் தலைப்பிரசவமானாள். குழந்தை நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் தாய்க்குக் காய்ச்சல் கண்டது. வண்டி கட்டிக்கொண்டு போய் டாக்டரை அழைத்து வந்தார்கள். அவர் தம்மிடம் இருந்த மருந்துகளைக் கொடுத்தார். பத்தாம் நாள் அவள் போய்விட்டாள். பென்ஸிலினை லண்டனில் அலெக்ஸாண்டர் பிளெமிங் கண்டுபிடித்தது 1928-இல். அதை மருந்தாக்கி முதன் முதலில் நோயாளிகளுக்குக் கொடுத்தது 1941-இல். யுத்தம் முடிந்த பிறகே அது சாதாரண ஜனங்களின் கைக்கு வந்தது. 1948-இல் அதே தெருவில், அதே காய்ச்சல் கண்ட வேறொரு பெண்ணுக்கு அந்த ஊசியைப் போட்டார்கள். அவள் எழுந்து நடந்தாள். பாட்டி அதைக் கண்ணால் பார்த்தாள்.

"ஆறே வருஷம்!" என்பாள் பாட்டி. தொண்ணூறு வயதிலும் அவள் அந்த ஆறு வருஷத்தை விரல் விட்டு எண்ணியதை நாம் பார்த்திருக்கிறோம். "ஒரே ஒரு ஊசி. அது மட்டும் அப்பொழுதே வந்திருந்தால்..." என்று சொல்லி நிறுத்திவிடுவாள்.

'அப்பொழுதே தெரிந்திருந்தால், அப்பொழுதே இருந்திருந்தால்' என்ற இந்த ஏக்கம் இல்லாத வீடு ஏது? காலப் பிரயாண நாவலைப் படிக்கிறவர்கள் அரண்மனையையும் குதிரையையும் தேடிப் பழைய காலத்துக்குப் போகிறார்கள் என்று நாம் நினைத்திருந்தோம். அது தவறு. இன்று நம் கையில் இருக்கிற ஒரு சிறு பொருளை, அது அகப்படாமல் போன ஒருவரிடம் சேர்ப்பிக்கவே அவர்கள் போகிறார்கள்.

ஆனால் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. பழைய காலம் எல்லோரையும் ஒரே விதமாக வரவேற்பதில்லை. ஆக்டேவியா பட்லர் என்ற நீக்ரோ வம்சத்து அமெரிக்க எழுத்தாளர் 1979-இல் 'கிண்ட்ரெட்' என்ற நாவலை எழுதினார். 1976-இல் கலிபோர்னியாவில் வாழும் டானா என்ற கறுப்பு இனப் பெண், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த மேரிலாந்து ராஜ்யத்துக்கு மீண்டும் மீண்டும் இழுபடுகிறாள். அங்கே அவளுக்கு வீரனும் இல்லை, விருந்தும் இல்லை. அவள் நிறத்தைப் பார்த்தவுடனே அடிமை என்று தீர்மானித்துச் சவுக்கை எடுக்கிறார்கள். அவளைவிட அதிசயமான ஒரு தளையும் அவளுக்கு உண்டு. ரூபஸ் என்ற வெள்ளைக்கார எஜமானனை அவள் ஆபத்து வரும்போதெல்லாம் காப்பாற்ற வேண்டும். ஏனென்றால் அவன் அவளுடைய மூதாதை. அவன் வம்சம் உண்டாகாவிட்டால் அவளும் இல்லை. ஒரு கையை இழந்த பிறகே அவள் தன் காலத்தில் நிலைக்கிறாள். பொற்காலம் என்று யாராவது வாய் நிறையச் சொன்னால், அந்தப் பொன் யார் கழுத்தில் கிடந்தது என்று கேட்க வேண்டும். நம் தேசத்துப் பழைய காலத்தைப்பற்றியும் இதே கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும். தெருவில் நடக்கக்கூட உரிமை இல்லாதிருந்தவன் ராஜவீதிக்குத் திரும்பிப் போக ஏன் ஆசைப்படுகிறான்?

டானாவின் கதையை முடித்த இரவில்தான் நமக்கு ஒரு விஷயம் உறைத்தது. இத்தனை வருஷமும் தெரிந்த விஷயம். ஆனால் யோசித்துப் பார்க்காத விஷயம்.

அக்காள் இறந்த மறு வருஷம், தாயில்லாக் குழந்தையை வளர்ப்பதற்காக, அதே வீட்டுக்கு இரண்டாந்தாரமாகப் பாட்டியைக் கொடுத்தார்கள். அக்காலத்தில் அது வழக்கம். பாட்டிக்கு அப்பொழுது வயது பதினேழு. அபிப்பிராயத்தை ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் குழந்தைதான் நம் பெரியப்பா. பிறகு பாட்டியின் வயிற்றில் பிறந்தவர் நம் தந்தை. 1948-இல் அந்த எதிர் வீட்டுப் பெண் ஊசி மருந்தால் பிழைத்தபோது, பாட்டி நம் தந்தையைச் சுமந்துகொண்டிருந்தாள்.

ஆகவே, நாம் பென்ஸிலினை எடுத்துக்கொண்டு 1942-க்குப் போய் அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணைப் பிழைக்க வைத்துவிட்டால், பாட்டி அந்த வீட்டுக்கு வரமாட்டாள். நம் தந்தை இல்லை. நாம் இல்லை. இந்தக் கட்டுரையும் இல்லை!

இதைப் பாட்டி அறியாமலா இருந்திருப்பாள்? நாம் சிறு பையனாயிருந்தபோது நம்மை மடியில் உட்காரவைத்துக்கொண்டுதான் "ஒரே ஒரு ஊசி" என்று சொல்லுவாள். ஒரு கை நம் தலையைக் கோதும். மற்றொரு கை வருஷத்தை எண்ணும். தன் கலியாணம், தன் பிள்ளை, மடியில் இருந்த பேரன் எல்லாம் அந்த ஒரு சாவினால் வந்தவை என்பதைத் தெரிந்துகொண்டே, அந்தச் சாவு நேராமல் இருந்திருக்க வேண்டும் என்று அவள் எழுபது வருஷத்துக்கு மேல் விரும்பினாள். அதனால் எங்கள்மேல் அவளுக்கு அன்பு குறைந்திருந்தது என்று ஒரு நாளும் நமக்குத் தோன்றியதில்லை.

மறுநாள் இதை நம் இல்லத்தரசியாரிடம் சொன்னோம். ஊஞ்சலை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கல் திறந்தால் நீங்கள் போவீர்களா?" என்று கேட்டார்.

சரித்திர வாத்தியாருக்குப் பதில் தெரியவில்லை. வகுப்பிலே பதில் தெரியாத பையன் செய்வதைப்போல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம்.

"நாம் போவோமா என்று தெரியாது. பாட்டி போயிருப்பாள்" என்றோம்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை ஊஞ்சலில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய், அடுப்பில் இருந்த பாலை இறக்கினார்.